ஒன்றன் மேல் ஒன்று

ஈயத்தில் பக்கம் கட்டியவர்களிடம் போய், "இந்தப் படத்தைக் கொஞ்சம் எழுத்துக்குப் பின்னால் தள்ளுங்களேன்" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஓர் எழுத்து நிற்கிற இடத்தில் இன்னோர் எழுத்து நிற்க முடியாது. முன்னால், பின்னால் என்ற பேச்சுக்கே அங்கே வழியில்லை. இன்று டிடிபி சென்டரில் வேலைக்குச் சேரும் பிள்ளை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது எதை முன்னால் கொண்டுவருவது, எதைப் பின்னால் அனுப்புவது என்பதைத்தான். இந்த மாற்றம் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்தது. அப்பா ஈயத்தில் வேலை செய்தார். நான் கத்தியும் பசையுமாகத் தொடங்கி மவுஸுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பா திருவல்லிக்கேணியில் ஒரு டிரெடில் அச்சகத்தில் கம்பாசிட்டர். இடது கையில் ஸ்டிக், எதிரே சாய்ந்து நிற்கும் கேஸ். வலது கை அறை அறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கிவரும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து பழைய ணா, றா, னா, லை, னை வடிவங்கள் விலகின. கேஸில் சில அறைகள் காலியாயின. அந்த அறைகளில் அவர் வெற்றிலை பாக்கு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஈயப் பக்கத்தில் வெறும் இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஸ்பேஸ், வரி முடிந்த பிறகு மிச்ச நீளத்துக்குக் குவாடு, வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய ஈயத் தகடு, பக்கத்தைச் சுற்றி மரக்கட்டைகள். வாசகர் வெள்ளையாகப் பார்ப்பதெல்லாம் கம்பாசிட்டர் கையால் எடுத்து வைத்த கட்டிப் பொருள். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். இந்த இடைவெளிப் பொருள்கள் அதைவிடக் கொஞ்சம் குட்டை. மை உருளை அவற்றைத் தொடாமல் போய்விடும், அவ்வளவுதான். கவிதைத் தொகுப்பு கோக்கும்போது அப்பாவுக்கு எழுத்தைவிடக் குவாடுதான் அதிகம் செலவாகும். ஒரு முழுப் பக்கத்துக்கும் நடுவில் நான்கே வரி எழுதும் கவிஞர்கள் மேல் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

கோத்து முடித்த பக்கத்தைக் கேலி என்ற தட்டில் வைத்து நூலால் சுற்றிக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒரே பொருளாகிவிடும். அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். பிறகு இரும்புச் சட்டத்துக்குள் பக்கங்களை அடுக்கி, கட்டை கொடுத்து, குவாயின் என்ற ஆப்பைச் சாவி போட்டு முறுக்குவார்கள். சட்டத்தை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, விரலால் அழுத்திப் பார்ப்பார் அப்பா. ஒரு துண்டு ஆடினாலும் மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும். பல பொருள்களை ஒன்றாகக் கட்டுவது, நகராமல் பூட்டுவது என்று இன்று மெனுவில் இருக்கும் இரண்டு காரியமும் அங்கே நூலும் சாவியுமாக இருந்தன. படம் வேண்டுமென்றால் துத்தநாகத்தில் பிளாக் செய்து, மரத்தில் அறைந்து, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். குறைந்தால் அடியில் காகிதம் கொடுப்பார்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமென்றால் அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் குறுக்கிக் கோக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டுமென்றால் ஒரே வழி, காகிதத்தை இரண்டாம் முறை எந்திரத்துக்குள் விடுவது. சிவப்பு எழுத்தின் மேல் கறுப்புக் கோடு என்றால் இரண்டு சட்டம், இரண்டு மை, இரண்டு ஓட்டம். காசு இரட்டிப்பு. அதனால் யாரும் கேட்பதில்லை.

ஆஃப்செட் வந்ததும் இது மாறியது. தட்டுக்குப் பக்கத்தின் புகைப்படம் போதும். பக்கத்தை எப்படிச் செய்தாய் என்று கேமரா கேட்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலத்தில், இராயப்பேட்டையில் ஒரு பேஸ்ட் அப் மேசையில். போட்டோ டைப்செட்டிங்கில் எழுத்து புரோமைடு காகிதத்தில் நீள நீளப் பட்டையாக வரும். அதை பிளேடால் வெட்டி, பின்புறம் ரப்பர் சொல்யூஷன் தடவி, கெட்டி அட்டையில் ஒட்டுவோம். அட்டையில் ஓரங்களையும் பத்திகளையும் வெளிர் நீலப் பென்சிலில் வரைந்திருப்போம். கேமராவின் லைன் ஃபிலிமுக்கு வெளிர் நீலமும் வெள்ளையும் ஒன்றுதான் என்பதால் அந்தக் கோடுகள் அச்சில் வராது. டி-ஸ்கொயர், முக்கோண மட்டம், ரோட்டரிங் பேனா, தலைப்புக்கு லெட்ராசெட் தாள். மேசை ஓரத்தில் வெட்டி வைத்த துண்டுகள் காத்திருக்கும்: 'தொடரும்', நட்சத்திரக் கோடு, பக்க எண்கள், இடம் மிஞ்சினால் போட ஒரு சின்னப் பூ.

இங்கேதான் முதன்முதலாகப் பக்கத்துக்குத் தடிமன் வந்தது. ஒரு சொல்லில் பிழை என்றால் திருத்திய சொல்லை வெட்டி அதன் தலையிலேயே ஒட்டிவிடலாம். ஒரு வரி, அதன் மேல் இன்னொரு வரி, அதன் மேல் ஓர் எழுத்து. மூன்று முறை திருத்திய பக்கத்தை விரலால் தடவினால் மேடு தெரியும். ஆனால் இந்த மூடுதல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வெட்டிய விளிம்பின் நிழல் ஃபிலிமில் மெல்லிய கோடாக விழும். நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து ஒப்பேக் என்ற மை தொட்டு ஒவ்வொரு கோடாக அடைக்க வேண்டும். எங்கே என்ன மூடப்பட்டிருக்கிறது என்பது ஒப்பேக் அடிக்கும் ஆளுக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் எத்தனை முறை மனம் மாறினார் என்பதும் தெரியும்.

இரண்டாவது வண்ணத்துக்கு அட்டையின் மேல் ஒரு கண்ணாடித் தாளை ஒரு விளிம்பில் மட்டும் டேப் போட்டுத் தொங்கவிடுவோம். சிவப்பில் வர வேண்டியது அந்தத் தாளில், கறுப்பில் வர வேண்டியது அட்டையில். நான்கு மூலையிலும் கூட்டல் குறிபோல ரிஜிஸ்டர் மார்க். தாளைத் தூக்கினால் சிவப்பு போய்விடும், போட்டால் திரும்பி வரும். லேயர் என்று இன்று பேனலில் கண் படம் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் கண்ணை மூடித் திறப்பதற்கும் நாங்கள் தாளைத் தூக்கிப் போட்டதற்கும் வேறுபாடு ஒன்றும் இல்லை.

இந்த மேசையை அப்படியே கணினித் திரைக்குள் கொண்டுபோனவர் பால் பிரெயினர்ட். செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிறகு செய்தித்தாள்களுக்குக் கணினி அமைப்புகள் செய்துகொடுத்த அடெக்ஸ் நிறுவனத்தில் இருந்தார். அங்கிருந்து வெளியே வந்து, நான்கு பொறியாளர்களோடு 1984-இல் சியாட்டில் நகரத்தில் ஆல்டஸ் கம்பெனியைத் தொடங்கினார். பெயர், வெனிஸில் 1515-இல் இறந்துபோன அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸுடையது. 1985-இல் பேஜ்மேக்கர் வந்தது, மேக்கின்டாஷுக்கு. விலை 495 டாலர். அதே ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அங்குலத்துக்கு 300 புள்ளி, விலை கிட்டத்தட்ட 7000 டாலர். அதற்குள்ளே பக்கத்தை வரையச் சொல்லும் மொழியான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் டிடிபி என்றார்கள். அந்தப் பெயரையும் பரப்பியவர் பிரெயினர்ட்தான்.

ஆனால் திரையில் பொருள்களை முன்னும் பின்னும் தள்ளும் வித்தை பக்கம் கட்டுகிறவர்களிடமிருந்து வந்ததல்ல. அது படம் வரையும் மென்பொருள்களின் சொத்து. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் செய்தபோதே, ஒரு மூலப் படத்தை மாற்றினால் அதன் நகல்கள் எல்லாம் தாமே மாறும்படி வைத்திருந்தார். மாஸ்டர் பேஜில் பக்க எண்ணை நகர்த்தினால் 300 பக்கத்திலும் நகர்கிறதே, அந்த எண்ணத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1984-இல் மேக்கின்டாஷுக்கு மார்க் கட்டர் எழுதிய மேக்டிராவில் 'அரேஞ்ச்' என்றே ஒரு மெனு: முன்னால் கொண்டுவா, பின்னால் அனுப்பு, சேர்த்துக் கட்டு, பூட்டு, வரிசைப்படுத்து. நாற்பது வருடம் ஆகியும் அந்த மெனு பெரிதாக மாறவில்லை. எந்த மென்பொருளைத் திறந்தாலும் கிட்டத்தட்ட அதே வாசகங்கள்தாம்.

பேஜ்மேக்கர் அந்த மெனுவில் முன்னால், பின்னால் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதியை விட்டுவிட்டது. பல பொருள்களைச் சேர்த்துக் கட்டும் குரூப், நகராமல் பிடிக்கும் லாக், ஓரம் பார்த்து வரிசைப்படுத்தும் அலைன் மூன்றும் ஒழுங்காக வந்தது 1995-இல், 6.0 பதிப்பில். பத்து வருடம்! மேக்டிரா பிறந்தபோதே வைத்திருந்ததை, பக்கம் கட்டுவதற்கென்றே பிறந்த மென்பொருள் பத்து வருடம் கழித்துத்தான் கொடுத்தது. எனக்குத் தோன்றும் காரணம் இது: பிரெயினர்ட் பேஸ்ட் அப் மேசையைப் பார்த்துச் செய்தார், அந்த மேசையில் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு நூல் கிடையாது. ஈயக்காரர்களிடம் இருந்த நூல் எங்கள் மேசைக்கு வரவே இல்லை, அதனால் அவர் திரைக்கும் வரவில்லை.

மேசையில் இருந்ததோ அப்படியே வந்தது. பக்கத்தைச் சுற்றி ஒரு பெரிய வெற்று வெளி, பேஸ்ட்போர்டு. அதில் எதை வைத்தாலும் எந்தப் பக்கத்துக்குத் திருப்பினாலும் கூடவே இருக்கும், மேசை ஓரத்துத் துண்டுகளைப் போலவே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பேஜ்மேக்கர் வந்தபோது மற்றவர்கள் மவுஸ் பிடிக்கத் தடுமாறினார்கள். எனக்கு அந்த வெளியைப் பார்த்ததும் பாதிப் பயம் போனது. 'தொடரும்', நட்சத்திரக் கோடு, சின்னப் பூ எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். எழுத்துத் தொகுதியின் தலையிலும் காலிலும் ஜன்னல் திரையின் கழிபோல ஒரு கோடு இருக்கும். கீழ்க்கோட்டில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் உள்ளே இன்னும் எழுத்து பாக்கி இருக்கிறது என்று பொருள். அந்த முக்கோணத்தைக் கவனிக்காமல் கடைசி வரிகளை விழுங்கிய சிறுகதைகள் தமிழில் எத்தனை என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

பேஜ்மேக்கருக்குப் போட்டியாக 1987-இல் டென்வரிலிருந்து வந்தது குவார்க்எக்ஸ்பிரஸ். டிம் கில் தொடங்கிய கம்பெனி. அதன் போக்கே வேறு. எழுத்துக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி, முதலில் பெட்டியை வரை, பிறகுதான் உள்ளே எதையாவது போடலாம். ஆரம்பப் பதிப்புகளில் ஒரு பெட்டிக்குள் வரைந்த பெட்டி தாய்ப் பெட்டியை விட்டு வெளியே வராது. பழகாதவர்களுக்கு இது சிறை. ஆனால் யோசித்துப் பார்த்தால் குவார்க் ஈயக்காரர்களின் மருமகன்: எல்லாவற்றுக்கும் சட்டம், எல்லாவற்றுக்கும் அளவு. பேஜ்மேக்கர் எங்கள் பசை மேசையின் பிள்ளை. 1999-இல் அடோபி கொண்டுவந்த இன்டிசைன் இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசி முடித்தது. பெட்டியும் உண்டு, வேண்டிய இடத்தில் நேராகப் போடவும் செய்யலாம். பேஜ்மேக்கர் அதற்கு முன்பே, 1994-இல், ஆல்டஸோடு சேர்ந்து அடோபி கைக்குப் போயிருந்தது.

எங்கள் பழக்கம் ஒன்று இந்தப் பயணத்தில் கூடவே வந்து பெரிய வம்பாகிவிட்டது. பிழையின் தலையில் துண்டை ஒட்டி மறைத்துப் பழகிய கை, திரையிலும் அதையே செய்தது. பேஜ்மேக்கரில் 'பேப்பர்' என்று ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்தில் கோடில்லாத ஒரு சதுரம் வரைந்து, வேண்டாத எழுத்தின் மேல் போட்டு, மேலே புதிதாக அடித்துவிட்டால் வேலை முடிந்தது. தமிழில் இதற்குத் தேவையும் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியீட்டு முறை. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் குப்பையாகிவிடும். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்த பிறகும் சந்தையில் பழையவை ஓடிக்கொண்டேதான் இருந்தன. எழுத்துரு கைவசம் இல்லாத கோப்பு வந்தால் உள்ளே போய்த் திருத்த முடியாது. மேலே வெள்ளைச் சதுரம் போட்டு நம் எழுத்துருவில் அடிப்பதுதான் ஒரே வழி.

பசையில் ஒட்டியதற்கு மேடு இருந்தது, நிழல் விழுந்தது. திரையில் போட்ட வெள்ளைச் சதுரத்துக்கு மேடும் இல்லை, நிழலும் இல்லை. நூல் முதல் பதிப்பில் ஒழுங்காக வந்துவிடும். ஆறு வருடம் கழித்து மறுபதிப்பு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார்கள். எழுத்து ஓடும், சதுரம் அங்கேயே நிற்கும். 47-ஆம் பக்கத்தில் பாதி வரி காணாமல் போகும், பழைய பிழை இன்னொரு மூலையில் எட்டிப் பார்க்கும். மெய்ப்புப் பார்ப்பவர் டைப் அடித்தவரைத் திட்டுவார். டைப் அடித்தவர் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

இதற்கு அடியில் ஒரு காரணம் இருக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கத்தை வரையும்போது பின்னால் இருப்பதை முதலில் வரையும், அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. ஒவ்வொன்றும் கீழே இருப்பதை முழுக்க மூடும். ஊடுருவித் தெரிவது என்ற பேச்சே இல்லை. சுவரில் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி, கடைசியாக அடித்ததுதான் கண்ணுக்குத் தெரியும். முன்னால், பின்னால் என்ற வரிசைக்கு இவ்வளவு அதிகாரம் வந்ததே இதனால்தான். பிறகு 2001-இல் பிடிஎஃப் 1.4 பதிப்பில் கண்ணாடித் தன்மை வந்தது. 2002-இல் இன்டிசைன் 2.0 அதைக் கையில் கொடுத்தது. படத்துக்கு மென்மையான நிழல் போடலாம், வண்ணத்தைப் பாதி தெரியும்படி விரிக்கலாம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் நிழல் போட்டோம். அந்த வருடத்து அட்டைகளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் தரையிலிருந்து அரை அங்குலம் மிதக்கும்.

ஆனால் தட்டு எடுக்கும் எந்திரங்கள் பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் காலத்தவை. கண்ணாடித் தன்மையுள்ள இடங்களை அவை துண்டு துண்டாக வெட்டிப் படமாக மாற்றிக்கொள்ளும். நிழலுக்குக் கீழே மாட்டிய எழுத்தும் படமாகிவிடும். பக்கத்தில் ஒரு பத்தி மட்டும் தடிமனாக, ஒரு பத்தி மெலிந்து வரும். 'ழு', 'னு' போன்ற சுழிகள் அடைத்துக்கொள்ளும். அப்போது வந்த விதி இன்றும் எங்கள் இடத்தில் நடப்பில் இருக்கிறது: எழுத்து எப்போதும் மேல் லேயரில், படமும் நிழலும் கீழ் லேயரில். சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் பூட்டி வைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள்.

சிவகாசிக் கதை தனி. காலண்டர், பட்டாசு லேபிள், அழைப்பிதழ் வேலைகளில் பேஜ்மேக்கரைவிடக் கோரல்டிராதான் ராஜா. ஒட்டாவாவிலிருந்து 1989-இல் வந்தது. அதில் பொருள்களை வரிசைப்படுத்த மெனுவுக்குப் போகவே வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுத்து 'சி' அடித்தால் நடுக்கோட்டில் நேராகும், 'இ' அடித்தால் உயரத்தில் நேராகும், 'எல்' இடது ஓரம், 'ஆர்' வலது ஓரம். சிவகாசியிலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் இடத்தில் இன்டிசைனில் உட்கார்ந்தபோது "அக்கா, இதுல சி, இ வேலை செய்யலையே" என்று நொந்துபோனான். ஒரு லேபிளில் சாமி படம், ஒளிவட்டம், பூ, நட்சத்திரம், கம்பெனி பெயர், தீப்பொறி என்று எண்ண முடியாத பொருள்களை அடுக்குகிற கை அவனுடையது. எது எதற்குப் பின்னால் என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரியும், அப்பாவுக்குக் கேஸின் அறைகள் தெரிந்ததைப் போல. புத்தக வேலைக்காரர்கள் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள்களை அடுக்கும் கணக்கில் பட்டாசு லேபிளுக்கு முன்னால் நாவலின் பக்கம் ஒன்றுமே இல்லை.

அடுக்குவதில் இன்னொரு பழைய கணக்கும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். மடித்தால் வரிசையாக வர வேண்டும் என்பதற்காகத் தாளில் பக்கங்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13, 8-க்குப் பக்கத்தில் 9. தண்டுவடத்தில் சேரும் இரண்டு எண்ணைக் கூட்டினால் 17 வரும். அப்பா இதைக் கல்மேசையில் ஈயத்தோடு செய்தார், சில பக்கங்கள் தலைகீழாக. நாங்கள் லேசர் பிரிண்டரில் எடுத்த பட்டர் தாள்களை லைட் டேபிளில் ஒட்டிச் செய்தோம். இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. 17 கணக்கு தெரிந்த பிள்ளைகள் எங்கள் இடத்தில் யாரும் இல்லை. அதனால் ஒரு நட்டமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001. தமிழ்ப் பதிப்பாளர்கள் அதை அதற்கப்புறமும் பல வருடம் விடவில்லை. யூனிகோடு தமிழ் இன்டிசைனில் ஒழுங்காக வந்தது 2012-இன் சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவரை கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறந்ததும் அதே சிஎஸ்6 வரைக்கும்தான், அடுத்து வந்தவை திறக்காது. இந்த இரண்டும் ஒரே பதிப்பில் சந்தித்தது தமிழ்ப் புத்தகக்காரர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். அந்தப் பதிப்பு போட்ட கணினி ஒன்றை இணையம் இணைக்காமல் மூலையில் வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

நாங்களும் வைத்திருக்கிறோம். மறுபதிப்புக்குப் பழைய கோப்பு வந்தால் அதில் திறந்து, எழுத்தைத் தொடுவதற்கு முன்பே பக்கம் பக்கமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத சதுரங்களின் மூலைப்புள்ளிகள் அப்போது தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் நகர்த்தி, அடியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து, கீழே இருப்பதைத் திருத்திவிட்டுச் சதுரத்தை அழிக்க வேண்டும். ஒரு நாவலுக்கு இரண்டு நாள் பிடிக்கும். இதற்கும் சேர்த்துத்தான் பக்கக் கூலி என்று பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.